சினிகாங் பொடி: புளியமரம் நிற்கும் ஊரில் இது தேவையா?

துபாயில் வேலை பார்க்கும் என் தம்பி சென்ற விடுமுறைக்குக் கீழக்கரை வந்தபோது, பேரீச்சம்பழத்துக்கும் பால்மாவுக்கும் நடுவே 40 கிராம் சினிகாங் பொடி பாக்கெட்டுகள் நான்கைச் செருகிக்கொண்டு வந்திருந்தான். அவனோடு ஒரே அறையில் தங்கியிருக்கும் ஃபிலிப்பினோ நண்பர்கள் அடிக்கடி வைக்கும் புளிப்புச் சூப்புக்கான பொடி அது. அவர்கள் நாட்டில் பன்றி இறைச்சியிலும் அது செய்யப்படுவதால், பாக்கெட்டின் பின்புறம் ஹலால் முத்திரை இருப்பதைப் பார்த்த பிறகே ஒரு கிலோ நாட்டுக்கோழியை அடுப்பில் ஏற்றினோம்.

சினிகாங்கில் தாளிப்பு இல்லை. மஞ்சளும் மசாலாவும் இல்லை. அரிசி களைந்த இரண்டாம் தண்ணீரில் வெங்காயம், தக்காளி, இஞ்சியோடு கோழியை வேகவிட்டு, முள்ளங்கி, சேப்பங்கிழங்கு, காராமணிக்காய், கத்தரிக்காய், முழு வெண்டைக்காய் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்து, இறுதியில் கீரையைப் போட்டு இறக்க வேண்டும். அவர்கள் போடுவது இலங்கைக்காரர்கள் கங்குன் என்று சொல்லும் கீரை. அது கிடைக்காததால் முருங்கைக்கீரையைப் போட்டேன். வேறொரு கோழிச் சூப்பில் அவர்களே அதை மலுங்கை என்ற பெயரில் சேர்ப்பதால் அது பிழையாகாது.

பிழை வேறிடத்தில் நேர்ந்தது. பொடியை எப்போது சேர்ப்பது என்று பாக்கெட்டில் தெளிவாக இல்லாததால் கிழங்கோடு சேர்த்தே கொட்டிவிட்டேன். அரை மணி நேரம் கொதித்தும் சேப்பங்கிழங்கு கல்லாகவே கிடந்தது. புளிப்பு ஏறிய நீரில் காய்கள் எளிதில் குழையாது என்பது புளிக்குழம்பு வைக்கும் எவருக்கும் தெரிந்ததுதான். புதிய பாக்கெட்டைக் கண்டதும் அந்த அறிவு எனக்கு எங்கே போயிற்றோ!

சுவையைப் பற்றிச் சொல்வதென்றால், பொருள் பட்டியலில் உப்பு, சிட்ரிக் அமிலம், அஜினோமோட்டோ ஆகியவற்றுக்குப் பிறகே புளி வருகிறது. நாக்கிலும் அதே வரிசையில்தான் வருகிறது. புளிப்பு நுனி நாக்கைச் சுரீரென்று தொட்டுவிட்டு உடனே மறைந்துவிடுகிறது. எங்கள் ஊர்க் கிணற்று நீரே உப்புக் கரிப்பது. அதில் இரண்டு லிட்டருக்கு முழுப் பாக்கெட்டைப் போட்டால் வாயில் வைக்க முடியாது. நல்ல தண்ணீர் ஊற்றிச் செய்த மறுமுறையில் பாதிப் பாக்கெட்டே போதுமானதாக இருந்தது.

மூன்றாம் முறை பொடியைத் தொடவே இல்லை. பச்சைப் புளியங்காயை வேகவைத்து மசித்து வடிகட்டி, காய்கள் வெந்த பிறகு ஊற்றினேன். பொடி வருவதற்கு முன்பு அவர்களும் இப்படித்தான் செய்தார்கள். இளம் புளியங்கொழுந்து போட்டுச் செய்யும் கோழிச் சூப்புக்கு அவர்களிடம் சினம்பலுக்கன் என்று தனிப் பெயரே உண்டு. கைப்பிடிக் கொழுந்தையும் கிள்ளிப் போட்டபோது, பொடியில் எவ்வளவு தேடியும் கிடைக்காத லேசான துவர்ப்பும் மணமும் சாற்றில் இறங்கின. நீளப் பச்சைமிளகாயை முழுதாகப் போடுவது அவர்கள் வழக்கம். நான் 2023இல் புவிசார் குறியீடு பெற்ற நம் ராமநாதபுரம் முண்டு மிளகாயில் இரண்டைக் கிள்ளாமல் மிதக்கவிட்டேன். காரம் ஏறாமல் வாசம் மட்டும் வந்தது. மீன் சாஸ் ஒரு கரண்டி ஊற்றச் சொல்கிறார்கள். கருவாட்டுக்குப் பழகிய எங்கள் வீட்டிலேயே அந்த நெடியை யாரும் விரும்பாததால் உப்போடு நிறுத்திக்கொண்டேன்.

“நம்ம புளியாணத்துல கோழியப் போட்ட மாதிரில்ல இருக்கு” என்றார் உம்மா. ஆணம் என்பது எங்கள் பேச்சில் குழம்பு. குறையாகச் சொன்னாரா பாராட்டாகச் சொன்னாரா என்று தெரியவில்லை. ஆனால் மறுபடியும் கேட்டுச் சோற்றில் ஊற்றிக்கொண்டார்.

ஆகவே செய்முறைக்கு முழு மதிப்பெண், பொடிக்குப் பாதி. மீதமிருந்த பாக்கெட்டுகளைச் சென்னையில் விடுதியில் தங்கிப் படிக்கும் லாத்தா (அக்கா) மகளிடம் கொடுத்தனுப்பினேன். மின்னடுப்பும் ஒற்றைப் பாத்திரமும் மட்டுமே வைத்திருப்பவளுக்கு அது உதவும். கிழங்கு வெந்த பிறகு போடவும், பாதி போதும் என்று ஒவ்வொன்றின் மீதும் எழுதி ஒட்டியிருக்கிறேன்.