தக்காளிச் சாற்று டின் மீன்: டின்னுக்கு முழு மதிப்பெண், சட்டிக்குப் பாதிதான்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பக்கம் நம் ஆட்களின் எந்த வீட்டு அலமாரியைத் திறந்தாலும் 400 கிராம் பில்ச்சர்டு மீன் டின் ஒன்றாவது இருக்கும். மாதக் கடைசிக்கு ஆகும், மின்வெட்டு நாளுக்கு ஆகும் என்று வாங்கி வைப்பது. விருந்தாளி வந்தால் மட்டும் அது அலமாரியை விட்டு வெளியே வராது. ஆனால் இதயத்துக்கு நல்லது என்று மருந்துக்கடையில் மீன் எண்ணெய் மாத்திரை வாங்குகிறவர்கள், அதற்கு முன்னால் எடை போட்டுப் பார்க்க வேண்டியது இந்த டின்னைத்தான். உள்ளே இருப்பதில் குறை சொல்ல அதிகமில்லை. குறையெல்லாம் திறந்த பிறகு நம் கையால் நடப்பவை.

பில்ச்சர்டு வேறு ஏதோ மீன் இல்லை, நம் மத்திக்கு நெருங்கிய சொந்தம். ஜூன், ஜூலையில் குவாசுலு நட்டால் கரையோரம் கூட்டம் கூட்டமாக வரும் 'சார்டின் ரன்' மீனும் இதே இனம்தான். தலை, வால், குடல் நீக்கி, டின்னில் அடுக்கி, சாறு ஊற்றி மூடி, அழுத்த நீராவியில் வேக வைக்கிறார்கள். அந்த வேக்காட்டில்தான் முள் மாவாக மெலிகிறது. லக்கி ஸ்டார் போன்ற பெயர்களில் வருவதில் பெரும்பங்கு இங்கேயே அடைத்தது. ஆனால் மீன் பல நேரம் வெளிநாட்டிலிருந்து உறைந்த நிலையில் வருகிறது. தாய்லாந்து, சீனாவிலிருந்து முழு டின்னாகவே வருவதும் உண்டு. இதயக் கணக்கில் இதனால் பெரிய வித்தியாசமில்லை. பிடிபட்ட பருவத்தைப் பொறுத்து மீனின் கொழுப்பு ஏறும் இறங்கும், அவ்வளவுதான்.

தக்காளிச் சாற்றில் அடைத்த இந்த மீனில் 100 கிராமுக்கு இபிஏ, டிஹெச்ஏ என்ற இரண்டு ஒமேகா-3 கொழுப்பும் சேர்ந்து ஏறத்தாழ 1.4 கிராம். புரதம் 20 கிராம். முள்ளோடு சாப்பிட்டால் கால்சியம் 240 மில்லிகிராம். சோடியம் 400 மில்லிகிராம் அளவில். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் இதயத்துக்கென்று சொல்லும் அளவு நாளுக்கு 250 மில்லிகிராம் ஒமேகா-3, வாரத்துக்கு 1,750. ஒரு டின்னை நான்கு பேர் பங்கிட்டால் சாறு போகத் தலைக்கு 60 கிராமுக்குக் குறையாமல் மீன் வரும். வாரம் இரண்டு முறை அப்படிச் சாப்பிட்டாலே அந்தக் கணக்கு ஏறக்குறைய முடிந்துவிடும்.

இதயத்துக்கு என்ன செய்கிறது என்பதில் நம் ஆட்களிடம் ஒரு தவறான எதிர்பார்ப்பு உண்டு. கொலஸ்ட்ரால் இறங்கும் என்று நினைத்துச் சாப்பிடுகிறார்கள். மூன்று மாதம் கழித்து ரத்தப் பரிசோதனையில் எல்டிஎல் என்ற கெட்ட கொலஸ்ட்ரால் அப்படியே நிற்பதைப் பார்த்து மீனை விட்டுவிடுகிறார்கள். எல்டிஎல்லைக் குறைப்பது மீனின் வேலையே இல்லை. அதற்கு ஸ்டாட்டின் மாத்திரை இருக்கிறது, அதை நிறுத்தக் கூடாது. ஒமேகா-3 பிடித்து இழுப்பது ரத்தத்தில் ஓடும் இன்னொரு கொழுப்பான ட்ரைகிளிசரைடை. கல்லீரல் கொழுப்பைப் பொட்டலம் கட்டி ரத்தத்தில் அனுப்பும் வேகத்தை அது குறைக்கிறது. சர்க்கரை நோயும் தொப்பையும் உள்ள இந்திய வம்சாவளியினரிடம் அதிகம் ஏறி நிற்பது இந்த ட்ரைகிளிசரைடுதான். ரத்த அழுத்தத்தைச் சற்று இறக்குவதும், ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள் ஒட்டிக்கொள்வதைக் கொஞ்சம் தளர்த்துவதும் கூடவே நடக்கிறது.

1989இல் வெளிவந்த வேல்ஸ் நாட்டு ஆய்வு இதில் பெயர் பெற்றது. மாரடைப்பிலிருந்து பிழைத்த 2,033 ஆண்கள். எண்ணெய் மீன் வாரம் இரண்டு முறையாவது சாப்பிடச் சொல்லப்பட்டவர்களிடையே இரண்டு ஆண்டில் சாவு 29 சதவீதம் குறைந்தது. பிறகு வந்த ஆய்வுகள் எல்லாமே அதே பலனைக் காட்டவில்லை. அதை மறைக்க வேண்டியதில்லை. 2018இல் அமெரிக்க இதய சங்கம் வாரம் ஒன்று அல்லது இரண்டு வேளை கடல் மீன் என்று திரும்பச் சொன்னபோது முக்கியமான ஒன்றைச் சேர்த்தது: இதயத்துக்கு ஒவ்வாத உணவை நகர்த்திவிட்டு அந்த இடத்தில் மீன் வரும்போதுதான் பலன் அதிகம். வெள்ளிக்கிழமை குடைந்த ரொட்டியில் ஆட்டுக்கறி நிரப்பிய 'பன்னி சாவ்' இருந்த இடத்தில், பிள்ளைகள் சாப்பாட்டு டப்பாவில் போலனி என்ற பதப்படுத்திய இறைச்சித் துண்டு இருந்த இடத்தில் டின் மீன் வந்தால் அது லாபம். இரண்டும் சேர்ந்து வந்தால் வயிறுதான் நிறையும்.

இனி அலமாரியில் பக்கத்தில் நிற்பவை. மிளகாய்ச் சாற்று டின்னும் அதே மீன்தான், சோடியத்தை மட்டும் லேபிளில் ஒப்பிட்டு எடுங்கள். தட்டை டின்னில் எண்ணெயோடு வரும் சார்டினில் ஒரு சிக்கல்: மீனின் ஒமேகா-3 கொஞ்சம் அந்த எண்ணெயில் இறங்கும், நாம் அதைத் தொட்டியில் கொட்டிவிடுவோம். விலையும் கூட. பில்ச்சர்டு டின்னுக்கு மதிப்புக் கூட்டு வரி கிடையாது, சார்டின் என்று விற்கும் டின்னுக்கு 15 சதவீதம் உண்டு. டியூனா டின் இந்தப் போட்டியிலேயே இல்லை. தண்ணீரில் அடைத்த சாதாரண டியூனாவில் 100 கிராமுக்கு 0.3 கிராம் ஒமேகா-3 தேறினால் அதிகம். ஃபிஷ் அண்ட் சிப்ஸ் கடையின் ஹேக் மீனும் வெள்ளை மீன், அதையும் எண்ணெய் மீன் கணக்கில் சேர்க்க முடியாது. புகையிட்ட ஸ்னூக் நல்ல எண்ணெய் மீன், உப்புதான் கை மீறிப் போகும்.

வாங்கும்போது டின்னின் மூடி விளிம்பைத் தடவிப் பாருங்கள். நடு உடம்பில் சின்ன நசுங்கல் பரவாயில்லை. மூடி மடிந்து சேரும் விளிம்பில் நசுங்கினால் காற்று புகும் வழி அதுதான், வேண்டாம். உப்பிய டின், திறக்கும்போது சீறும் டின் எதையும் நாக்கில் வைத்துச் சோதிக்கக் கூடாது, அப்படியே குப்பைக்கு. சில சமயம் மீனில் கண்ணாடித் துண்டு போல ஒன்று பல்லில் படும், உடனே கடையில் சண்டை. அது பெரும்பாலும் ஸ்ட்ரூவைட் என்ற உப்புப் படிகம், மீனிலேயே இருக்கும் தாதுக்கள் டின்னுக்குள் சேர்ந்து உறைந்தது. சூடான வினிகரில் போட்டு வையுங்கள். படிகமானால் சில நிமிடத்தில் கரையத் தொடங்கும், கண்ணாடி கரையாது. கரையாவிட்டால் அப்புறம் சண்டை போடலாம்.

இப்போது சட்டிக்கு வருவோம், பழுது தொடங்குவது இங்கேதான்.

முதல் தப்பு குழாயடியில். கவிச்சி போக வேண்டும் என்று சாற்றை ஊற்றிவிட்டு மீனைக் கழுவுகிறவர்கள் உண்டு. சாற்றின் மேல் செம்மஞ்சளாக மிதக்கும் எண்ணெய்ப் புள்ளிகள் மீனிலிருந்து வந்தவை. காசு கொடுத்தது அதற்குத்தான். கவிச்சிக்கு ஒரு நெல்லிக்காயளவு புளியோ, இறக்கும்போது அரை எலுமிச்சையோ போதும். இரண்டாவது, நடுமுள்ளை உருவி எறிவது. கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் வைத்து நசுக்கிப் பாருங்கள், ஈரச் சுண்ணாம்பு போலப் பொடிந்துவிடும். கால்சியம் அத்தனையும் அதில். சின்னப் பிள்ளைக்கும் அதை மசித்தே கொடுக்கலாம். முதுகோரத்துக் கறுப்புச் சதையும் அழுக்கில்லை.

மூன்றாவதுதான் பெரியது: எண்ணெய். டின் மீன் சட்னிக்கு அரைக் கப் சூரியகாந்தி எண்ணெய் ஊற்றுவது பல வீட்டு வழக்கம். அரைக் கப் என்றால் ஏறத்தாழ 1,000 கலோரி, நான்கு பேருக்குத் தலா 250. 2 மேசைக்கரண்டி போதும், அடிகனமான சட்டியாக இருக்க வேண்டும். கடுகு, சோம்பு, கறிவேப்பிலை தாளித்து, பெரிய வெங்காயம் ஒன்றை நீளவாக்கில் அரிந்து மிதமான தீயில் 10 நிமிடம் வதக்குங்கள். ஒட்டத் தொடங்கினால் எண்ணெய் வேண்டாம், ஒரு கரண்டி தண்ணீர் தெளியுங்கள். இஞ்சி பூண்டு 1 தேக்கரண்டி, மசாலாத் தூள் 2 தேக்கரண்டி. தூள் போட்டதும் தீயைக் குறைத்து 30 விநாடிக்குள் டின் சாற்றை ஊற்றிவிட வேண்டும். எண்ணெய் குறைவாக இருக்கையில் மசாலா சட்டெனக் கரியும். கரிந்த கசப்பை மறைக்கத்தான் பிறகு சர்க்கரை, உப்பு என்று கை நீளும். டின்னில் கால்வாசி தண்ணீர் விட்டு அலசி அதையும் சேர்த்து, சாறு கெட்டியாகும் வரை கொதித்த பிறகே மீனைப் படுக்க வையுங்கள். அது ஏற்கெனவே வெந்த மீன், 6 நிமிடச் சூடு போதும். கரண்டி போட்டால் கூழாகும், சட்டியின் இரு காதையும் பிடித்து ஒரு சுழற்று சுழற்றுங்கள்.

உப்பைக் கடைசியில் ருசி பார்த்து மட்டும். ஒரு தேக்கரண்டி உப்பில் சோடியம் ஏறத்தாழ 2,300 மில்லிகிராம். நான்காகப் பிரித்தால் தலைக்கு 575. டின் தரும் பங்கை விட நாம் அள்ளிப் போடுவது அதிகம். உலக சுகாதார நிறுவனம் நாளுக்கு 2,000க்கு மேல் வேண்டாம் என்கிறது. பக்கத்தில் வரும் ரொட்டியும் கணக்கில் சேரும். தென்னாப்பிரிக்கச் சட்டப்படி கடை ரொட்டியில் 100 கிராமுக்கு 380 மில்லிகிராம் வரை சோடியம் இருக்கலாம். கால் ரொட்டியைக் குடைந்து மீனை நிரப்புவதை விட, கொஞ்சம் சோறும் ஒரு கை கீரையும் கணக்குக்கு அடங்கும்.

மீந்ததை டின்னிலேயே மூடி வைக்காதீர்கள். காற்றுப் பட்டதும் தக்காளிப் புளிப்பு உலோகத்தை அரிக்கத் தொடங்கும், சாறு தகர வாடை அடிக்கும். கண்ணாடிப் பாத்திரத்துக்கு மாற்றி ஃப்ரிட்ஜில் இரண்டு நாள்.

புரட்டாசியில் ஒரு மாதமும் காவடி விரதத்திலும் மீன் கிடையாதே, பலன் போய்விடுமா என்று கேட்பவர்கள் உண்டு. போகாது. ஒமேகா-3 ரத்தச் சிவப்பணுக்களின் சவ்வில் போய் உட்காருகிறது. அந்த அணுக்களின் ஆயுள் ஏறத்தாழ 120 நாள். விரதம் முடிந்த வாரமே பழையபடி தொடங்கினால் போதும். விரத நாளில் மீனுக்குப் பதில் ஆளிவிதை நல்லதுதான், ஆனால் அதிலுள்ள ஒமேகா-3யை உடம்பு இபிஏவாக மாற்றுவது மிகக் கொஞ்சம்.

மீன் எண்ணெய் மாத்திரையைப் பற்றி ஒரு வார்த்தை. முகப்பில் 1,000 மில்லிகிராம் என்று பெரிதாகப் போட்டிருப்பது மீன் எண்ணெயின் எடை. பின்பக்கம் திருப்பினால் வழக்கமாக இபிஏ 180, டிஹெச்ஏ 120, ஆக 300தான். 60 கிராம் டின் மீனுக்கு ஈடாக இரண்டு மூன்று மாத்திரை விழுங்க வேண்டும். புரதமும் கால்சியமும் அதில் இல்லை. அதிக அளவு மாத்திரை சிலருக்கு இதயத் துடிப்பை ஒழுங்கு தவற வைக்கும் என்று ஆய்வுகளில் தெரிந்திருப்பதால், ட்ரைகிளிசரைடு மிக அதிகம் உள்ளவர்கள் மருத்துவர் சொன்ன அளவில் மட்டுமே எடுக்க வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்களும் மாத்திரைக்கு முன் கேட்டுக்கொள்வது நல்லது. வாரம் இரண்டு வேளை மீன் கறிக்கு அந்தப் பயம் வேண்டாம்.

இந்த டின்னை உண்மையிலேயே யோசித்து எடுக்க வேண்டியவர்கள் கவுட் எனும் மூட்டு வலிக்காரர்கள். பில்ச்சர்டில் பியூரின் அதிகம், யூரிக் அமிலத்தை ஏற்றும். ரத்த அழுத்தத்துக்குத் தரும் ஹைட்ரோகுளோரோதையசைடு மாத்திரையும் அதையே செய்யும். இரண்டும் ஒரே வீட்டில், பெரும்பாலும் ஒரே தட்டில் சந்திக்கின்றன. கால் பெருவிரல் சிவந்து வீங்கிய வாரத்தில் டின் அலமாரியிலேயே இருக்கட்டும்.