ஆர்சிசிபி இருக்கிறது, ஆனால் கீசருக்கு இல்லை: வயரிங் பில்லுக்குப் பணம் கொடுக்கும் முன் பாருங்கள்

இரண்டு படுக்கையறை கொண்ட புது வீடு. பில்லில் "40 ஆம்பியர், 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி 1, எர்த் பிட் 2" என்று எழுதியிருக்கிறது. ஆர்சிசிபி என்பது கரண்ட் கசிந்தால் சப்ளையைத் துண்டிக்கும் சுவிட்ச்; எர்த் பிட் என்பது எர்த் பைப்பை மண்ணில் இறக்கும் குழி. டிபி பாக்ஸில் (சுவிட்சுகள் இருக்கும் மெயின் பெட்டி) ஐஎஸ்ஐ முத்திரையோடு ஆர்சிசிபியும் இருக்கிறது. டெஸ்ட் பட்டனை அழுத்தினால் டக்கென்று விழுகிறது. வீட்டுக்காரர் முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டார். சில மாதம் கழித்து, கீசர் ஓடும்போது வெறுங்காலோடு போய்க் குழாயைத் திறந்தவருக்குச் சுருக்கென்று இழுத்தது. ஆர்சிசிபி அசையவே இல்லை.

டிபி மூடியைக் கழற்றினால் காரணம் கண்ணுக்கு நேரே. ஆர்சிசிபியின் மேல் டெர்மினலில், மீட்டரிலிருந்து வரும் வயரோடு இன்னொரு சிவப்பு வயரையும் சேர்த்துத் திணித்து முடுக்கியிருக்கிறார்கள். நியூட்ரலும் அப்படியே. கீசர், சமையலறை பிளக் என்று ஈரக்கை படும் லைன் அத்தனையும் அந்த வயரில்தான். ஆர்சிசிபி வழியாகப் போவது லைட்டும் ஃபேனும் மட்டும். எலக்ட்ரீஷியனைக் கேட்டால், "அது அடிக்கடி ட்ரிப் ஆகுது சார், அதான் தனியா குடுத்துட்டேன்" என்று பதில்.

ட்ரிப் ஆனதற்குக் காரணம் அவர் செய்த வேலைதான். கீசர் சாக்கெட்டுக்கு எர்த்துக்கான பச்சை வயரே இழுக்கவில்லை. நியூட்ரல் டெர்மினலிலிருந்து ஒரு விரல் நீளக் கறுப்பு வயரை மேலே உள்ள பெரிய எர்த் டெர்மினலுக்கு லூப் அடித்திருக்கிறார். ஃபேஸில் போன கரண்ட் அப்படியே நியூட்ரலில் திரும்புகிறதா என்று பார்ப்பதுதான் ஆர்சிசிபியின் வேலை. கீசரின் வெளி உலோகப் பாகமான பாடி நியூட்ரலோடு சேர்ந்துவிட்டதால், திரும்பும் கரண்டில் ஒரு பங்கு தண்ணீர்க் குழாய் வழியாக மண்ணுக்குப் போகிறது. வித்தியாசம் 30 மில்லி ஆம்பியரைத் தொட்டதும் விழுந்தது. அது தன் வேலையைச் சரியாகச் செய்ததற்குத்தான் அதை ஒதுக்கிவிட்டார்கள்.

லூப் இருக்க, ஆர்சிசிபியும் இல்லாமல் போனால் என்ன ஆகும்? நியூட்ரல் ஜாயின்ட் ஒன்று கருகி விட்டுப்போனால், ஃபேஸ் கீசரின் காயில் வழியாக வந்து, அந்த லூப் வழியே பாடிக்கு ஏறும். தெருவில் லைன் வேலை செய்பவர்கள் ஃபேஸையும் நியூட்ரலையும் மாற்றிக் கொடுத்துவிட்டால் நேராகவே 230 வோல்ட். எம்சிபி (கரண்ட் அளவுக்கு மீறினால் விழும் சுவிட்ச்) காப்பாற்றாது. உடம்பு வழியாகப் போவது பெரும்பாலும் கால் ஆம்பியருக்கும் குறைவு. ஆளைக் கொல்ல அது போதும், 16 ஆம்பியர் எம்சிபிக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

பணம் கொடுக்கும் முன் செய்ய வேண்டியது: இன்வெர்ட்டரை ஆஃப் செய்துவிட்டு, லைட், ஃபேன் எல்லாவற்றையும் போட்டு, டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள். விழுந்தபின் டெஸ்ட் விளக்கோடு ஒவ்வொரு பிளக்காகப் போங்கள். கீசர், மோட்டார், வாஷிங் மெஷின், மொட்டை மாடி பிளக் எதையும் விடாதீர்கள். எதில் சப்ளை இருக்கிறதோ அது ஆர்சிசிபிக்கு வெளியே கொடுத்த லைன்.

டெஸ்ட் பட்டன் எர்த்தைச் சோதிக்காது. எர்த்தே இல்லாத வீட்டிலும் அது விழும். நம் ஊரில் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே 100 வாட் பல்பைப் போட்டு, "பாருங்க, பளிச்சுனு எரியுது" என்று காட்டுவார்கள். நியூட்ரல் லூப் இருந்தாலும் அதே பளிச்சுதான். அந்தப் பல்ப் இழுப்பது 0.43 ஆம்பியர், எர்த் உண்மையாக இருந்து, ஆர்சிசிபியும் அந்த லைனில் இருந்தால் பல்ப் எரியக் கூடாது, ஆர்சிசிபி விழ வேண்டும். இதை நீங்களே செய்து பார்க்காதீர்கள். எர்த் கெட்டிருந்தால் வீட்டிலுள்ள எல்லா பாடிக்கும் கரண்ட் ஏறும். மெயினை ஆஃப் செய்து, சாக்கெட்டைக் கழற்றிப் பச்சை வயர் இருக்கிறதா என்று பார்ப்பதே மேல்.

எர்த் பிட்டுக்கு ஜிஐ பைப் குறைந்தது 2.5 மீட்டர் இறங்க வேண்டும். சிமென்ட் மூடி போட்டபின் இரண்டடித் துண்டா முழுப் பைப்பா என்று யாருக்கும் தெரியாது. குழி தோண்டும் அன்று பக்கத்தில் நில்லுங்கள். எர்த் டெஸ்டர் வைத்து ஓம் அளவை பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

ஆர்சிசிபி மேலுள்ள எழுத்தையும் படியுங்கள். 100, 300 மில்லி ஆம்பியர் என்று இருந்தால் அது தீவிபத்தைத் தடுக்க வைப்பது, ஆளைக் காப்பாற்ற அல்ல. டெஸ்ட் பட்டனே இல்லையென்றால், அதே அளவில் வரும் டபுள் போல் ஐசொலேட்டரைத் (ஆன், ஆஃப் மட்டும் செய்யும் சாதா சுவிட்ச்) தலையில் கட்டியிருக்கிறார்கள்.

நிஜமாகவே அடிக்கடி விழுந்தால், எம்சிபியை ஒவ்வொன்றாக ஆஃப் செய்து மட்டும் தேடும் எலக்ட்ரீஷியன் கோளாறைக் கண்டுபிடிக்காமல் போகலாம். சிங்கிள் போல் எம்சிபி ஃபேஸை மட்டும்தான் துண்டிக்கும். நியூட்ரல் எர்த்தில் பட்டிருந்தால் அது அப்படியே இருக்கும். மெயினை ஆஃப் செய்து, நியூட்ரல் வயர்கள் எல்லாம் சேரும் நியூட்ரல் லிங்கிலிருந்து ஒவ்வொரு வயராகக் கழற்றி, மெகர் (வயரின் இன்சுலேஷனைச் சோதிக்கும் கருவி) வைத்துப் பார்க்க வேண்டும். அரை நாள் வேலை. அந்தக் கூலியைக் கொடுத்துவிடுங்கள், பைபாஸ் செய்ய மட்டும் விடாதீர்கள்.