பல வருடம் இருந்து பார்த்த டேனிஷ் ஓக் கதிரைகள்

டேனிஷ் கதிரை என்றதும் பலருக்கு ஞாபகம் வருவது மெல்லிய கால்களும், பேப்பர் கயிற்றால் பின்னிய இருக்கையும்தான். டேனிஷ் வடிவமைப்பாளர்களான ஹான்ஸ் வெக்னர் 1949இல் வரைந்த, முதுகு ஆங்கில Y எழுத்துப் போல் இருக்கும் கதிரை, பொர்கே மொகென்சன் 1947இல் நுகர்வோர் கூட்டுறவுச் சங்கத்துக்காகச் செய்த ஜே39 இரண்டும் அந்த வகை. இரண்டும் வடிவுதான். எங்கள் வீட்டில் இருப்பது வேறு ரகம். தடித்த ஓக் மரத்தை வெட்டி, விளிம்புகளைக் கூராகச் செதுக்கிச் செய்த ஆறு கதிரைகள். பழம்பொருள் சந்தையில் இதற்கு ‘ரேஸர் பிளேட்’ என்று பெயர். ஹென்னிங் கியர்னுல்ஃப் வடிவமைத்தது, நிரூப் தொழிற்சாலை 1960களில் செய்தது என்று விளம்பரத்தில் போடுவார்கள். முரட்டுத் தோற்றமுள்ள பாணியைக் குறிக்கும் ‘புரூட்டலிஸ்ட்’ என்ற அடைமொழி வியாபாரிகள் பிற்காலத்தில் ஒட்டியது. அந்த ஒரு சொல்லுக்காகவே விலை ஏறிவிட்டது. நாங்கள் வாங்கியபோது, டென்மார்க்கின் யூட்லாந்துப் பகுதியில் வயதானவர்கள் வீடு மாறும்போது தள்ளிவிடுகிற சாமான் இது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் சாப்பாட்டு மேசை சாப்பாட்டுக்கு மட்டும் இல்லை. பிள்ளைகளின் வீட்டுப்பாடம், மரக்கறி வெட்டுவது, சனிக்கிழமை பின்னேரம் வருகிற சொந்தக்காரர் நடுச்சாமம் வரை கதைப்பது, எல்லாமே அங்கேதான். மாமா ஒருவர் பின்கால் இரண்டில் சாய்ந்து ஆடாமல் கதைக்கவே மாட்டார். மெல்லிய கதிரையென்றால் அந்த ஆட்டத்தில் பின்காலும் இருக்கையும் சேரும் பொருத்து எப்போதோ விட்டிருக்கும். இது அசையவில்லை. இருக்கை அகலம் என்பதால் அம்மா ஒரு காலை மடித்து மேலே வைத்து வசதியாக இருப்பார். கதிரையில் சம்மணம் போட்டு இருக்க முடிகிறதா என்று எந்தக் கடைக்காரரும் விளம்பரத்தில் எழுதுவதில்லை. எங்கள் ஆட்களுக்கு அது முக்கியம்.

மரம் அழியாது. அழிவது பசையும் ஸ்பொஞ்சும்தான். வாங்க நினைப்பவர்கள் இதை மனதில் வைத்தால் போதும், பாதிக் கவலை குறையும்.

இங்கே குளிர்காலத்தில் வெளியே ஈரமாக இருந்தாலும் வீட்டுக்குள் ஹீட்டர் போட்டால் காற்று காய்ந்துவிடும். மரம் சுருங்கும். மாசி மாதத்தில் கதிரை கிறீச்சிடத் தொடங்கும், கோடை வந்தால் தானாக அடங்கும். அப்படி வருடா வருடம் சுருங்கி விரிந்தால் பழைய பசை பொடிந்துபோகும். எங்களிடம் இரண்டு கதிரைகளுக்கு அது நடந்தது. பலர் அங்கே ஒரு திருகாணியை ஏற்றிவிடுவார்கள். தயவுசெய்து வேண்டாம். திருகாணி பொருத்தை இறுக்காது, அடுத்த குளிருக்கு மரத்தைப் பிளக்கும். சரியான வழி: ரப்பர் சுத்தியலால் மெல்லத் தட்டிப் பொருத்தைக் கழற்றி, பழைய பசையைச் சுரண்டி மரம் தெரியும்வரை சுத்தம் செய்து, புதிதாக வெள்ளைப் பசை பூசி, கிளாம்ப் போட்டு ஒரு நாள் விடவேண்டும். பழைய பசைக்கு மேல் புதுப்பசை பிடிக்காது, அதனால் சுரண்டுவதில்தான் நேரம் போகும். வளைந்த கால்கள் என்பதால் கிளாம்ப் வழுக்கும். காரின் கூரையில் சாமான் கட்டுகிற பட்டி வாங்கிச் சுற்றி இறுக்கினால் வேலை முடிந்தது.

இருக்கைக்குள் இருந்த பழைய ஸ்பொஞ் மஞ்சள் மாவாக உதிர்ந்தது. அந்தக் காலத்துச் சாமானில் இது சாதாரணம், வாங்கும் விலையோடு இந்தச் செலவையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள். துணிக்கு எல்லோரும் சொல்வது ஹாலிங்டால். நன்னா டிட்செல் 1965இல் வடிவமைத்த கம்பளித் துணி, இன்றும் விற்பனையில் இருக்கிறது. லேசில் தேயாது, உண்மை. ஆனால் மஞ்சள் போட்டுச் சமைக்கும் வீட்டுக்கு வெளிர் நிறக் கம்பளி சரிவராது. கம்பளி மஞ்சளைச் சாயமாகவே குடித்துவிடும், பிறகு எந்தச் சோப்புக்கும் அசையாது. நாங்கள் கரும்பழுப்புத் தோல் போட்டோம். பருப்பு சிந்தினால் துடைத்துவிட்டு அடுத்த கரண்டியை எடுக்கலாம்.

ஓக் மரத்தில் மஞ்சள் பட்டால் அவ்வளவு பயம் இல்லை. நாங்கள் வார்னிஷ் பூசவில்லை, டேனிஷ்காரர் செய்வதுபோல் சோப்புதான். வெள்ளைச் சோப்புச் சீவலைச் சுடுதண்ணீரில் கரைத்து, ஆறியதும் துணியால் பூசித் துடைப்பது. காய்ந்ததும் எழும்புகிற சிறு நார்களை மெல்லிய சாண்ட்பேப்பரால் ரேகை போகிற பக்கமாகத் தேய்த்துவிட்டால் கை வழுக்கும். மஞ்சள் கறையில் பாதி இந்தச் சோப்புத் தண்ணீரிலேயே போகும். மிச்சத்தை வெயில் எடுக்கும், ஏனென்றால் மஞ்சளின் நிறம் வெளிச்சத்துக்கு நிற்காது. கார்த்திகையில் சிந்தினால் சித்திரைவரை பொறுத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பயப்பட வேண்டியது இரும்புக்கு. ஓக்கில் டானின் என்ற துவர்ப்புப் பொருள் அதிகம். ஈரத்தோடு இரும்பு பட்டால் மை கொட்டியதுபோல் கறுப்பு விழும். பாத்திரம் தேய்க்கிற இரும்புப் பஞ்சால் இந்தக் கதிரையை ஒருபோதும் தேய்க்காதீர்கள், உதிர்கிற துகள் ஒவ்வொன்றும் ஒரு புள்ளியாகும். வந்துவிட்டால் ஆக்சாலிக் அமிலக் கரைசல் எடுக்கும், ஆனால் அது நஞ்சு. கையுறை போட்டு, பிள்ளைகள் இல்லாத இடத்தில் செய்யவேண்டும்.

இனிக் குறைகள். பாரம். கூட்டுகிற நாளில் ஆறையும் நகர்த்தினால் இடுப்பு கேள்வி கேட்கும். காலடியில் கம்பளி வட்டம் ஒட்டாமல் இழுத்தால் பலகைத் தரையில் கோடு விழும். ஒட்டினாலும் அதில் மணல் சேரும், அடிக்கடி மாற்றவேண்டும். முதுகின் செதுக்கல் மடிப்புகளில் தூசு தங்கும், துணி போதாது, பழைய பெயின்ட் தூரிகைதான் உதவும். கால்கள் அகன்று நிற்பதால் மற்ற கதிரை நான்கு நிற்கும் பக்கத்தில் இது மூன்றுதான் நிற்கும். கூர் விளிம்பு சின்னப் பிள்ளைகளின் நெற்றி உயரத்தில் இருக்கிறது, எங்கள் வீட்டில் அது இரண்டு மூன்று முறை அழுகையில் முடிந்திருக்கிறது.

வாங்கப் போகிறவர்கள் பெயரை நம்பிக் காசைக் கொட்டாதீர்கள். பல கதிரைகளில் முத்திரையே கிடையாது, பெல்ஜியத்தில் செய்த தடித்த ஓக் கதிரைகளையும் இதே வரிசையில் வைத்து விற்கிறார்கள். ஒவ்வொன்றையும் கவிழ்த்துப் பாருங்கள். பூச்சித் துளையும் அதன் கீழே புதுமாவும் இருந்தால் விட்டுவிடுங்கள். பொருத்துகளில் ஆணி, திருகாணி அடித்திருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். கிறீச்சிடுகிறது என்பதற்காக மட்டும் வேண்டாம் என்று சொல்லாதீர்கள், அது பசை வேலை. லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடிக்காரர்கள் மொகென்சனின் ஜே39ஐப் பார்ப்பது நல்லது.