சால்னா நிற்கிற கேரியர்

செங்கோட்டைக்காரர்கள் டிபன் கேரியர் வாங்கினால் முதலில் பார்க்க வேண்டியது, அதில் சால்னா நிற்குமா என்பதைத்தான். சோறும் பொரியலும் எந்தப் பாத்திரத்திலும் இருந்துகொள்ளும். புளியரை ரோட்டில் பார்டர் பரோட்டா வாங்கி, பைக்கில் மாட்டி, வேகத்தடை எல்லாம் தாண்டி வீடு வந்து சேரும்போது கம்பியோரம் சிவப்பு எண்ணெய் வழிந்திருந்தால், அடுத்த தடவை வீட்டில் யாரும் பாத்திரத்தைத் தூக்க மாட்டார்கள். கவருக்கே திரும்பிவிடுவார்கள்.

நான் தென்காசியில் வாங்கியது அகலவாய் மூன்றடுக்கு எவர்சில்வர், விலை 1,150 ரூபாய். பழைய கேரியர்களில் மேல் அடுக்கின் அடிப்பாகம்தான் கீழ் அடுக்குக்கு மூடி. இதில் கீழ் அடுக்குக்குத் தனி மூடி உண்டு, உள்ளே ரப்பர் வளையம், இரண்டு பக்கமும் கிளிப். ஒரு சொட்டு வெளியே வரவில்லை. வாய் அகலமாக இருப்பதால் கடைக்காரர் கரண்டியும் தாராளமாக உள்ளே போகிறது. ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: கொதிக்கக் கொதிக்க ஊற்றி உடனே இறுக்கி மூடினால், ஆறினபிறகு மூடி உறிஞ்சிப் பிடித்துக்கொண்டு திறக்கவே வராது. ஆவி போகும்வரை ஒரு கிளிப்பைத் திறந்து வையுங்கள்.

பரோட்டாவுக்கு எவர்சில்வர் அவ்வளவு ஒத்துவராது. சூட்டில் வியர்த்து அடிப் பரோட்டா ஊறிப்போகும். அடியிலும் மேலேயும் வாழையிலை வைத்துத் தரச் சொன்னால் சரியாக இருக்கிறது. "இலை வச்சுத் தாங்க அண்ணாச்சி" என்றால் யாரும் முகம் சுளிப்பதில்லை. ஒரே ஒரு கடையில்தான் அளவு தெரியாது என்று சொல்லி, கவரில் கட்டி அதைக் கொண்டுவந்து என் பாத்திரத்துக்குள் போட்டார்கள். அந்தக் கடைக்கு இப்போது போவதில்லை. கறிக்கடையில் அந்தப் பிரச்சினை இல்லை, பாத்திரத்தைத் தராசில் வைத்து ஜீரோ பண்ணிவிட்டுத்தான் கறி போடுகிறார்கள்.

ஒரு தடவை பயன்படுத்தித் தூக்கிப்போடுகிற பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. சாப்பாடு பொதிகிற பிளாஸ்டிக் தாள், பிளாஸ்டிக் பூசிய டீ கப் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. அடுத்த வருஷம் அதே தேதியில் கேரளத்திலும் வந்தது. அப்படியும் குண்டாறு போகிற வழியெல்லாம் எண்ணெய் படிந்த கவர் கிடப்பதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது.

கேரளத்துப் புனலூரில் வாழ்க்கைப்பட்ட என் அக்கா வீட்டில், வீடு வீடாகக் கழிவு சேகரிக்கிற ஹரித கர்ம சேனைப் பெண்கள் வந்து பிளாஸ்டிக் எடுத்துப் போகிறார்கள். கழுவிக் காயவைத்துத்தான் கொடுக்க வேண்டும். சால்னா கவரை உள்புறம் வெளிப்புறம் திருப்பி, சோப்புப் போட்டு, கொடியில் தொங்கவிட்டுப் பாருங்கள். அதற்கு ஆகிற நேரத்தில் இந்த மூன்று அடுக்கையும் விளக்கிக் கவிழ்த்துவிடலாம். அக்காவும் இப்போது இதே மாதிரி ஒன்று கேட்டிருக்கிறாள்.

வாங்குகிறவர்கள் எவர்சில்வர் எந்த ரகம், 202-ஆ 304-ஆ என்று கேட்டு வாங்குங்கள். 304-இல் குரோமியம் சுமார் 18 சதவீதம், நிக்கல் சுமார் 8 சதவீதம். மீன் குழம்பு, புளிக்கறி என்று புளிப்பும் உப்பும் ஊற்றுகிறவர்களுக்கு அதுதான் தாங்கும். 202-இல் நிக்கல் குறைவு, விலையும் குறைவு. கடையில் காந்தம் வைத்துக் காட்டினால் நம்பிவிடாதீர்கள். இரண்டுமே பொதுவாகக் காந்தத்தில் ஒட்டாது. அடியில் குத்தியிருக்கிற முத்திரையைப் பாருங்கள், பில்லிலும் எழுதி வாங்குங்கள்.

குறை என்றால் கனம்தான். நிறைத்துவிட்டால் அம்மாவால் பஸ்ஸில் தூக்கிவர முடியவில்லை. தனியாக இருப்பவர்களுக்கு இரண்டடுக்கே போதும். அப்புறம் ரப்பர் வளையத்தைக் கழற்றிக் கழுவாவிட்டால் மசாலா வாடை அதில் தங்கிவிடும். உபரி வளையம் தனியாகக் கிடைக்கிறது, கேரியரோடு சேர்த்தே ஒன்று வாங்கிவிடுங்கள்.