ஃபைவரா, அப்வேர்க்கா?

யாழ்ப்பாணத்தில் கொக்குவில், திருநெல்வேலிப் பக்கம் படிக்கும் தம்பி தங்கச்சிமார் அடிக்கடி கேட்பது இது. இரண்டும் இணையத்தில் வெளிநாட்டவருக்குச் சிறு வேலைகள் செய்து டொலரில் உழைக்கும் தளங்கள். அமெரிக்காவில் பலருக்கு இந்த உழைப்பு சம்பளத்துக்கு மேல் வரும் கைச்செலவுக் காசு. எங்களுக்கு அப்படியில்லை. 2022இல் டொலர் சுமார் 200 ரூபாயிலிருந்து 350ஐத் தாண்டியபோது, டொலரில் உழைப்பதன் பெறுமதி வீட்டுக்கு வீடு விளங்கியது.

தொடங்க: ஃபைவரில் செலவில்லாமல் கடை விரித்துக் காத்திருக்கலாம். அப்வேர்க்கில் வேலைக்கு விண்ணப்பிக்கவே 'கனெக்ட்ஸ்' எனும் டோக்கன்கள் தேவை, அவை தீர்ந்தால் காசுக்கு வாங்க வேண்டும்.

கழிவு: ஃபைவர் 20 சதவீதம் எடுக்கும். 5 டொலர் வேலைக்குக் கையில் 4தான். எனக்கு இது அநியாயமாகவே படுகிறது. அப்வேர்க்கில் குறைவு.

காசெடுக்க: இரண்டுக்கும் பேயோனியர் எனும் இணையப் பணப்பரிமாற்றச் சேவை சரிவரும்.

கம்பஸ் படித்துக்கொண்டே லோகோ செய்பவருக்கு ஃபைவர் போதும். வீட்டுப் பொறுப்பைச் சுமப்பவர் அப்வேர்க்கில் மாதக்கணக்காக ஓடும் மணித்தியால வேலையைத் தேடட்டும்.