ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துச் சர்ச்சில் பாத்திரம் இரவல்: போய்ப் பார்த்ததைச் சொல்கிறேன்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரி பக்கத்தில் ஜெராக்ஸ் கடை. இந்தச் சபைக்காரர்கள் மாதம் இரண்டு மூன்று தடவை என்னிடம் நகல் எடுப்பார்கள், அதையும் மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள். நான் அந்தச் சபையும் இல்லை, கிறிஸ்தவனும் இல்லை. இவர்கள் நடத்தும் பாத்திர இரவல் அறைக்கு ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். அந்த ஒன்றை ஏன் பிடித்துக்கொண்டேன் என்று கீழே வரும்.

வெளியூர்க்காரர்களுக்கு ஒரு விளக்கம். இங்கே வைத்தியத்துக்கு வருகிறவர்களில் வங்காளம், அசாம், ஜார்க்கண்ட், பங்களாதேஷ் ஆட்கள் ஏராளம். பாபு ராவ் தெருப் பக்கம் போனால் தமிழ் போர்டைவிட வங்காளி போர்டுதான் கண்ணில் படும். டெஸ்ட், ரிசல்ட், ஆபரேஷன் தேதி என்று மூன்று நாளைக்கு வந்தவர்கள் மூன்று வாரம் லாட்ஜில் கிடப்பார்கள், நம்ம ஊர் சாம்பாரும் புளியும் அவர்கள் வயிற்றுக்கு ஒத்துவராது, அதனால் அறையிலேயே பொங்கித் தின்பார்கள். அடுப்பும் பாத்திரமும் தினக் கணக்கில் வாடகைக்குக் கிடைக்கும்தான், ஆனால் பத்து நாள் வாடகையைக் கூட்டினால் புதிதாகவே ஒன்று வாங்கிவிடலாம்.

போன மாதம் சிட்டகாங்கிலிருந்து புருஷனும் பெண்டாட்டியுமாக இரண்டு பேர் பாஸ்போர்ட் நகல் எடுக்க வந்தார்கள். அந்தம்மா கையைக் குவித்துக் கிளறுகிற மாதிரி காட்டி ஏதோ கேட்டார். கடையைப் பையனிடம் விட்டுவிட்டு நானே கூட்டிக்கொண்டு போனேன், இத்தனை நாளாகக் கேள்விப்பட்டதைப் பார்த்துவிடலாம் என்று.

சர்ச்சுக்குப் பின்னால் ஒரு ஓட்டுக் கட்டடம், பெண்கள் ஐக்கியம் நடத்துகிறது. நர்ஸாக இருந்து ஓய்வு பெற்ற ஒரு அக்கா ரெஜிஸ்டரோடு உட்கார்ந்திருந்தார். 300 ரூபாய் டெபாசிட், திருப்பிக் கொடுத்தால் அப்படியே கையில் தந்துவிடுவார்கள், வாடகை கிடையாது. குண்டான், வாணலி, தட்டு, கரண்டி, கரண்ட் அடுப்பு, பாய், தலையணை எல்லாம் இருக்கிறது. அக்காவுக்கு வங்காளி ஒரு பத்து வார்த்தை தெரியும் போல. எடுத்த எடுப்பில் “மாச்? மாச்?” என்றார், மீன் சமைப்பீர்களா என்று. அந்தம்மா முகத்தில் அப்போதுதான் சிரிப்பு வந்தது. சிவப்புப் பெயின்ட்டில் நம்பர் போட்ட பாத்திரம் மீன், கறி சமைக்கிறவர்களுக்கு, பச்சைப் பெயின்ட் சைவம் மட்டும். ஜார்க்கண்ட் பக்கத்துக் குடும்பம் ஒன்று மீன் வாடை அடித்த வாணலியைத் திருப்பிக் கொண்டுவந்து வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் போனதாம், அதற்கப்புறம்தான் இந்த ஏற்பாடு. இவர்களுக்குக் கிடைத்தது சிவப்பு 17, அடியில் கொஞ்சம் நசுங்கிய அலுமினியக் குண்டான். கூடவே லேமினேஷன் போட்ட வங்காளித் தாள் ஒன்று, எந்த பஸ், எந்தக் கடையில் கடுகு எண்ணெய், ராத்திரி எந்த மருந்துக் கடை திறந்திருக்கும் என்று. (நகல் எடுத்தது நான்தான். லேமினேஷனுக்கு மட்டும் காசு வாங்கினேன்.)

மதமாற்றமா என்று கேட்பீர்கள், தெரியும். மேசை மேல் சின்னப் புத்தகங்கள் அடுக்கியிருந்தன, யாரும் எடுத்து நீட்டவில்லை. அந்தம்மா தொழுகைக்கு இடம் கேட்டதும் ஞாயிறு பள்ளி நடக்கும் அறையைத் திறந்துவிட்டு, மேற்கு எந்தப் பக்கம் என்று அக்காவே காட்டினார்.

சனிக்கிழமை மத்தியானம் கூட வந்திருப்பவர்களுக்குச் சாப்பாடும் உண்டு. ஆரம்பத்தில் சாம்பார் சாதப் பொட்டலம் கொடுத்தார்களாம், பாதி குப்பைத்தொட்டிக்குப் போயிருக்கிறது. இப்போது வெறும் சோறு, நீர்த்த பருப்பு, உருளைக்கிழங்கு வறுவல். நானும் சாப்பிட்டேன், நம்ம நாக்குக்கு உப்பு உறைப்பு ஒன்றும் பத்தாது, ஆனால் சமைத்தது நமக்கு இல்லையே. அரிசி கைப்பிடி அரிசி. சபைப் பெண்கள் வீட்டில் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி எடுத்துத் தனி டப்பாவில் போட்டு ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து கொட்டுவது பழைய வழக்கம். அதனால் ஒரே சட்டியில் பொன்னியும் ரேஷன் அரிசியும் கலந்து வேகும், சில பருக்கை குழையும், சில பருக்கை விறைத்து நிற்கும்.

மற்றச் செலவுக்கு அறுப்பின் பண்டிகை ஏலம், சபையார் காணிக்கையாகக் கொண்டுவரும் விளைச்சலைச் சர்ச்சிலேயே ஏலம் விடுவது. இந்தத் தடவை இலவம்பாடி முள்ளு கத்தரிக்காய் ஒரு கிலோ 1,200 ரூபாய்க்குப் போனது. புவிசார் குறியீடு வாங்கின காய்தான், அதற்காக இவ்வளவா என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டேன், போன வருஷம் பூசணிக்காய் ஏலத்தைப் பார்த்திருக்க வேண்டும் என்றார்.

அன்றைக்கு ஆயர் பேசினது எனக்குப் பிடித்தது. 1853-இல் ஆற்காடு மிஷன் என்று ஆரம்பித்தவர்கள் அமெரிக்காக்காரர்கள். 1900-இல் சிஎம்சியை உருவாக்கிய ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையோடு வைத்தியம் தொடங்கினார், அடுத்து வந்த மேரி டேபர் ஷெல் ஆஸ்பத்திரிக்கு 10,000 டாலர் கொடுத்தவர், வேலூரையே பார்க்காத நியூயார்க் பேங்க்காரர். கடல் தாண்டி வந்ததை வாங்கித்தான் இந்த ஊர் வளர்ந்தது, இப்போது கடல் தாண்டி நம்ம வாசலுக்கே வருகிறவர்களுக்குக் கொடுக்காமல் வேறு யாருக்குக் கொடுப்பது என்றார். 2022-இல் இலங்கை நெருக்கடியின்போது முதலமைச்சர் நிதிக்கு இந்தச் சபை காணிக்கை எடுத்து அனுப்பியிருக்கிறது. மேல்மொணவூர் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில் வாரம் இரண்டு நாள் டியூஷனும் எடுக்கிறார்கள்.

சரி, குறை. பாத்திர அறைக் கணக்கு, அரிசிக் கணக்கு எல்லாம் போர்டில் ஒட்டியிருக்கிறது, வெளிநாட்டு ஊழியம் என்று எழுதிய உண்டியலுக்கு மட்டும் ஒரு தாளும் இல்லை. கேட்டதற்குக் கமிட்டியில் கேளுங்கள் என்றார்கள், கமிட்டியில் ஆயரைக் கேளுங்கள் என்றார்கள். அதைவிட எனக்கு உறுத்தியது டிசம்பர் கம்பளி விநியோகம். ஃப்ளெக்ஸ் கட்டி, வரிசையில் நிற்கவைத்து, கொடுக்கிறவர் ஒரு முனை வாங்குகிறவர் ஒரு முனை பிடித்துக்கொண்டு போட்டோ. கீமோவில் முடி கொட்டிய ஒரு பெண் முக்காட்டை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டே நின்றது, போட்டோக்காரர் “இங்க பாருங்க, இங்க பாருங்க” என்கிறார். ரெஜிஸ்டர் அக்கா அந்தப் பக்கமே வரவில்லை, பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். பாத்திரம் இரவல் வாங்குகிறவன் திருப்பிக் கொடுக்கிறான், தலைநிமிர்ந்து வருகிறான். கம்பளியையும் அந்த அறையிலேயே நம்பர் போட்டு வைத்துவிட்டால் என்ன?

2024 ஆகஸ்டில் டாக்காவில் ஆட்சி கவிழ்ந்து விசா குறைந்தபோது லாட்ஜ்காரர்களும் நாங்களும் ஈ ஓட்டினோம், பாத்திரங்களும் அலமாரியில் தூசி படிந்து கிடந்ததாம். சிட்டகாங்காரர்கள் எடுத்துப்போன சிவப்பு 17 பன்னிரண்டு நாள் கழித்துத் திரும்பி வந்துவிட்டது, நசுங்கல் எடுக்கப்பட்டு. அந்தப் புருஷனுக்குத் தட்டு வேலை தெரியுமாம்.

போகிறவர்களுக்கு: சாயங்காலம் நான்கிலிருந்து ஆறு வரைதான், ஞாயிறு கிடையாது. ஓபி முடிந்து வரவே ஆறாகிவிடும், இந்த நேரத்தை மாற்றச் சொல்லி நானும் இரண்டு தடவை சொல்லிவிட்டேன். பாஸ்போர்ட்டோ ஆதாரோ ஒரு நகல் கட்டாயம் கேட்பார்கள். நம்ம கடையில் இரண்டு ரூபாய், மத்தியானம் ஒன்றிலிருந்து இரண்டு வரை பூட்டியிருக்கும்.