7க்கு 14 மினி லேத்: மெஷின் ஓகே, ஆனா டப்பாவ பிரிச்ச உடனே ஓட்டிடாதீங்க

இந்த மினி லேத்த (உலோகம் கடையுற சின்ன மெஷின்) கலர் மாத்தி ஸ்டிக்கர் மாத்தி ஆளாளுக்கு ஒரு பேர்ல விக்கிறாங்க, உள்ள கிட்டத்தட்ட எல்லாம் ஒரே மெஷின்தான். பெட் (எல்லாத்தையும் தாங்குற அடித்தண்டவாளம்) மேல 7 இன்ச் ஸ்விங் (சுத்தக்கூடிய பீஸோட அதிகபட்ச விட்டம்), சென்டருக்கு சென்டர் 14 இன்ச் (மாட்டக்கூடிய நீளம்), ஸ்பிண்டில் (பீஸ சுத்துற தண்டு) எம்டி3, டெயில்ஸ்டாக் (எதிர் முனைய தாங்குற பகுதி) எம்டி2; எம்டின்னா மோர்ஸ் டேப்பர், உள்ள இருக்குற கூம்பு ஓட்டையோட அளவு. 7 இன்ச்னு நம்பி பெரிய பீஸ் எடுத்துட்டு போகாதீங்க, கிராஸ் ஸ்லைடு (டூல குறுக்கால நகர்த்துற பகுதி) மேல வர்றப்ப அதுல பாதிக்கு கொஞ்சம் மேலதான் இடம் கிடைக்கும். என்னைக் கேட்டா இத முழு மெஷின்னே சொல்ல மாட்டேன், முக்கால்வாசி முடிச்சு அனுப்புறாங்க, மீதி வேலை நம்ம தலைல.

பிரிச்சதும் உடம்பு பூரா பிசுபிசுன்னு ஒரு கிரீஸ் அப்பியிருக்கும், அது துரு பிடிக்காம இருக்க போட்டது, லூப்ரிகேஷனுக்கு இல்ல. அதுக்குள்ள ஃபேக்டரில கிரைண்ட் பண்ண பொடி வேற ஒட்டியிருக்கும், அப்படியே ஓட்டினா பெட்டுக்கு எமரி பேப்பர் போட்ட மாதிரிதான். மண்ணெண்ணெய், பழைய டூத் பிரஷ், வேஸ்ட் துணி வச்சு சாடில் (பெட் மேல நீளவாக்குல ஓடுற பகுதி), கிராஸ் ஸ்லைடு, காம்பவுண்டு (அதுக்கு மேல இருக்குற சின்ன ஸ்லைடு) எல்லாத்தையும் கழட்டி கழுவுங்க, அப்படியே ஓரத்துல இருக்குற பிசிறையும் ஃபைல்ல லேசா இழுத்து விட்டுடுங்க.

அடுத்தது ஜிப், அதாவது ஸ்லைடு ஆடாம இருக்க பக்கவாட்டுல வைக்கிற மெல்லிசான பட்டை. எனக்கு இந்த மெஷின்ல கடுப்பு ஏத்துறது இதுதான். சின்ன ஸ்க்ரூவும் லாக் நட்டும் வரிசையா இருக்கும், நட்ட டைட் பண்ணும்போது ஸ்க்ரூவும் கூடவே திரும்பி செட்டிங் ஓடிடும், அதனால ஆலன் கீய ஒரு கைல அசையாம புடிச்சுகிட்டே ஸ்பேனர போடணும். முதல்ல ஸ்லைடு நகராத அளவுக்கு டைட், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா லூஸ், ஹேண்டில் சுத்தும்போது கைல லேசா ஒரு இழுப்பு தெரியணும், ஆனா எங்கயும் மாட்டக் கூடாது. சாடிலுக்கு அடியில இருக்குற பிளேட்டும் இதே கதைதான், அங்க தள்ளுற ஸ்க்ரூ தனி இழுக்குற ஸ்க்ரூ தனி, ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு சண்டை போடும், பிளேட் வார்ப்பிரும்பா இருந்தா முரட்டுத்தனமா முறுக்காதீங்க, உடையும். இந்த வேலைய ஒழுங்கா முடிச்சா டூல் அதிர்ற சத்தம் பாதி காணாம போயிடும்.

பெஞ்ச்ல போல்ட் போடும்போது நாலு மூலையும் சமமா உக்காரணும், இல்லனா பெட் முறுக்கிக்கும். செக் பண்ண, ஒரு கம்பிய சக்ல (ஸ்பிண்டில் முனைல பீஸ புடிக்கிற தாடை) மட்டும் புடிச்சு டெயில்ஸ்டாக் வைக்காம ரெண்டு முனையிலயும் லேசா ஒரு கட் எடுங்க, மைக்ரோமீட்டர்ல ரெண்டும் ஒரே அளவு வரணும், வரலனா காலுக்கு அடியில ஷிம் (மெல்லிசான தகடு) வச்சு மறுபடி பாருங்க.

ஆயில் விஷயத்துல எல்லாரும் ஸ்ப்ரே டப்பாவ தூக்கிட்டு வராங்க. அது கழுவுறதுக்கு சரி, பெட்ல தங்காது. ஸ்லைடுவேக்குன்னே (ஸ்லைடு ஓடுற தடம்) வர்ற ஐஎஸ்ஓ விஜி 68 (ஆயிலோட கெட்டித்தன்மை அளவு) ஆயில் வாங்குங்க, மொபில் வேக்ட்ரா நம்பர் 2 அந்த வகைதான், கொஞ்சம் ஒட்டுற தன்மை இருக்கறதால வழிஞ்சு ஓடாது. வேலைக்கு முன்னாடி துடைச்சுட்டு சில சொட்டு, முடிஞ்சதும் சிப்ஸ (கடையும்போது விழுற உலோகத் துருவல்) தட்டிட்டு மறுபடி ஒரு படலம். பெட்டுக்கு கிரீஸ் வேண்டவே வேண்டாம், சிப்ஸ் எல்லாம் அதுலயே குடியிருக்கும். லீட் ஸ்க்ரூவ (சாடில தானா நகர்த்துற நீள ஸ்க்ரூ) பிரஷ் வச்சு சுத்தம் பண்ணிட்டு ஆயில் விடுங்க, அத கவ்விப் புடிக்கிற ஹாஃப் நட்டுக்கு ஆயுசு கூடும். ஸ்பிண்டில்ல வர்றது பெரும்பாலும் மூடின பால் பேரிங், அதுக்கு ஆயில் ஊத்துற வேலை இல்ல. வார்ப்பிரும்பு கடையும்போது மட்டும் பெட்ட துணி போட்டு மூடுங்க (துணி சக் பக்கம் போகாம), அந்த கருப்பு பொடி ஆயில்ல கலந்தா நல்லா தேய்க்கும்.

பிளாஸ்டிக் கியர்னு நிறைய பேர் திட்டுறாங்க, எனக்கு அது குறையாவே படல, எங்கயாவது மாட்டிகிட்டா கியர் பல்லு போகும், மத்தது தப்பிக்கும். ஒரு செட் ஸ்பேர் சேர்த்தே ஆர்டர் போட்டுடுங்க.